ஹெலிகாப்டர் காட்சிகளில் உண்மை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிரடித் திரைப்படங்களில், அவை தமிழிலேயே எடுக்கப்பட்டவையானாலும் பிற மொழிகளிலிருந்து தமிழ் பேசி வருபவையானாலும், ஹெலிகாப்டர் இடம்பெறாத உச்சக்கட்டக் காட்சி அரிதாகிவிட்டது. நாயகன், அது தரையில் ஊன்றி நிற்கும் ஸ்கிட் கம்பியை ஒற்றைக் கையால் பற்றிக்கொண்டு நகரம் முழுவதும் தொங்கிச் செல்கிறார். வில்லன் ஏறி உட்கார்ந்த மறுகணமே அது விண்ணில் பாய்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு துப்பாக்கிக் குண்டு பட்டதும் நடுவானிலேயே வெடித்துச் சிதறுகிறது. திரைக்கதைக்குக் கற்பனை வேண்டும் என்பதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால், கடற்படையின் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இக்காட்சிகள் மக்கள் மனத்தில் ஆழப் பதித்துவிட்ட தவறான எண்ணங்கள் படப்பிடிப்புத் தளத்திலும், தேர்தல் கூட்ட மைதானத்திலும், வெள்ளம் சூழ்ந்த மொட்டை மாடியிலும் உயிருக்கே உலை வைக்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடிதம் சற்று நீண்டாலும் தாங்கள் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் அந்தத் தொங்கும் காட்சியை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நம் ஊரிலேயே ஓர் உயிரைப் பலி கொடுத்திருக்கிறோம். 1980 நவம்பர் 16 அன்று, சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில், மலையாளத் திரையுலகின் அன்றைய பெரும் நட்சத்திரமான ஜெயன், ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் ஸ்கிட்டைத் தாவிப் பற்றும் காட்சியில் டூப் போடாமல் தாமே நடித்தார். ஏற்கெனவே எடுத்தது திருப்தியாக வந்துவிட்ட பிறகும், இன்னொரு முறை எடுக்கலாம் என்று அவரே விரும்பியதாகச் சொல்வார்கள். அந்த முறை ஹெலிகாப்டர் நிலைகுலைந்து தரையில் மோதியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஜெயன் பிழைக்கவில்லை. வயது நாற்பத்தொன்றுதான். திரைக்கு வருமுன் அவர் கடற்படையில் பணியாற்றியவர் என்பதால் எங்கள் பிரிவினருக்கு அந்த இழப்பு இன்னும் சற்று நெருக்கமானது.

ஒரு மனிதர் தொங்கினால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இயந்திரத்துக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஹெலிகாப்டரின் முழு எடையும் மேலே சுழலும் ரோட்டரின் நடுவிலிருந்து தொங்குகிறது. எரிபொருள், பயணிகள், பெட்டிகள் எல்லாம் அந்த நடுப்புள்ளிக்குக் கீழே, கையேட்டில் குறிப்பிட்ட சிறிய எல்லைக்குள் அமைய வேண்டும். எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பக்கத்து ஸ்கிட்டில் திடீரென்று தொற்றிக்கொண்டால் எடையின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. விமானி, வலக்கையில் உள்ள சைக்ளிக் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியை எதிர்ப்பக்கம் சாய்த்து ஈடுகட்டப் பார்ப்பார். ஆனால் அந்தக் கம்பி நகர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறிய ஹெலிகாப்டர்களில் அந்த எல்லை விரைவில் வந்துவிடும். அதோடு, தரையை ஒட்டிப் பறக்கும்போது ஒரு பக்கத்து ஸ்கிட் எதிலாவது சிக்கினாலோ தரையில் ஊன்றினாலோ, அதையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் புரளத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு தேர்ந்த விமானியாலும் நிமிர்த்த முடியாது. ஓரிரு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். விமானிகள் இதை டைனமிக் ரோல்ஓவர் என்பார்கள், பயிற்சியின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எச்சரிக்கப்படுவார்கள்.

தொங்குகிறவரின் நிலையும் திரையில் காட்டுவது போல் இல்லை. மணிக்கு 100 கி.மீ. வேகம் என்பது ஹெலிகாப்டருக்கு நிதானமான வேகம்தான். அந்த வேகத்தில் எதிர்க்காற்று ஒரு மனித உடலைக் கிட்டத்தட்ட 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்குத் தள்ளும். மேலிருந்து ரோட்டரின் காற்று வேறு இடைவிடாமல் அறையும். இதற்கிடையில் ஒரு கையால் தொங்கியபடி மறு கையால் சண்டை போடுவது எந்த உடற்பயிற்சியாலும் கைகூடாது. கடற்படைக் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் வழுக்கி இறங்குவதைக் கடற்படை தினக் காட்சிகளில் பலர் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஸ்லிதரிங் என்று சொல்லும் அந்தச் செயலுக்குப் பின்னால் எடைக் கணக்கு, கயிற்றின் சோதனை, கதவோரம் நிற்கும் பணியாளரின் கட்டளை, மாதக்கணக்கான பயிற்சி எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் இருந்தும் ஹெலிகாப்டர் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும்போதுதான் இறங்குவார்கள்.

ஜெயனின் மரணத்திலிருந்து திரைத்துறை பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. 2016 நவம்பர் 7 அன்று, பெங்களூருக்கு அருகிலுள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ஒரு கன்னடப் படத்தின் உச்சக்கட்டத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீரில் குதித்த நடிகர்கள் இருவர் மூழ்கி இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி அவர்கள் உடலில் இல்லை. அவர்களில் ஒருவர், தமக்கு நீச்சல் சரியாகத் தெரியாது என்று குதிப்பதற்கு முன்பே தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் சொல்லியிருந்ததாகச் செய்திகள் வந்தன. தண்ணீருக்கு மேலே ஹெலிகாப்டர் நிற்கும்போது அதன் காற்று கிளப்பும் நீர்த்திவலைகள் கீழே இருப்பவரின் மூச்சையே அடைக்கும் என்பது கடலில் மீட்புப் பணி செய்த எவருக்கும் தெரியும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஹாலிவுட்டும் இதற்கு விலக்கல்ல. 1982 ஜூலை 23 அன்று கலிஃபோர்னியாவில் நள்ளிரவு கடந்து நடந்த ஒரு போர்க்காட்சிப் படப்பிடிப்பில், தாழப் பறந்த ஹெலிகாப்டருக்கு மிக அருகில் வெடிகளை வெடித்தார்கள். அதனால் வாலில் சுழலும் டெயில் ரோட்டர் சிதைந்து ஹெலிகாப்டர் சுழன்று விழுந்ததில் நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் அங்கேயே மாண்டார்கள். வெடிக்கும் நெருப்புக்கு நடுவே ஹெலிகாப்டர் அலட்சியமாக நுழைந்து வெளியேறும் என்ற சினிமாக் கற்பனையை உண்மையான இயந்திரத்தைக் கொண்டு படமாக்கப் போனதன் விலை அது. இன்று கணினி வரைகலை வந்துவிட்டதால் நடிகர்களுக்கு அந்த ஆபத்து குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அதே வரைகலை, ஹெலிகாப்டரை இயற்கை விதிகள் எதற்கும் கட்டுப்படாத ஒரு பொருளாக ஆக்கிவிட்டது.

எடையைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் ஹெலிகாப்டர் பணியில் இருப்பவர்களின் அன்றாடப் பேச்சில் பாதி எடையைப் பற்றியதுதான். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு எரிபொருள், இறங்குமிடம் எவ்வளவு உயரம், இன்றைய வெயில் எவ்வளவு என்று கணக்குப் போட்ட பிறகே கிளம்ப முடியும். வெப்பம் கூடினாலும் உயரம் கூடினாலும் காற்று மெலிந்துவிடும்; ரோட்டரின் இறக்கைகளுக்குப் பிடிமானம் குறையும்; அதே எஞ்சின் குறைந்த சுமையைத்தான் தூக்கும். சித்திரை மாதத்து மதியத்தில் வேலூரிலிருந்து தூக்க முடியாத சுமையை மார்கழி அதிகாலையில் தூக்கிவிடலாம். சியாச்சினில் நம் வீரர்களுக்குப் பொருள் கொண்டு செல்லும் சீட்டா ஹெலிகாப்டர்கள், மிக உயரத்தில் உள்ள காவல் நிலைகளுக்குச் சில பத்துக் கிலோ சுமையைத்தான் ஒரு தடவையில் எடுத்துச் செல்ல முடிகிறது; மண்ணெண்ணெய் டின் ஒன்றுக்காகவே ஒரு பயணம் போக நேரும். 2005 மே 14 அன்று பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கி ஏறத்தாழ நான்கு நிமிடம் நிறுத்திக் காட்டினார். அதற்காகத் தேவையில்லாத இருக்கைகளைக்கூடக் கழற்றி எடையைக் குறைத்துக்கொண்டு தனியாகத்தான் போனார். நம் படங்களிலோ பனிமலை முகட்டில் எட்டுப் பேர் ஏறிக்கொள்ள, ஒன்பதாவது ஆள் கீழே தொங்க, அது செங்குத்தாக எழும்பிவிடுகிறது. இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம், வெள்ள மீட்பின்போது ‘இன்னும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டால் என்ன’ என்று கதவருகே நிற்கும் வீரருடன் சண்டைக்குப் போகிறார்கள். இல்லை என்று சொல்லும் அந்த வீரர் கல்நெஞ்சக்காரர் அல்லர். உள்ளே ஏற்றிய குழந்தைகளின் உயிருக்கும் அவர்தான் பொறுப்பு.

அடுத்தது, எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடும் என்ற நம்பிக்கை. திரைப்படங்கள் பரப்பிய பொய்களிலேயே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். உண்மையில், எஞ்சின் நின்ற கணமே ஃப்ரீவீல் என்ற அமைப்பு ரோட்டரை எஞ்சினிலிருந்து விடுவித்துவிடுகிறது. விமானி இடக்கையில் உள்ள கலெக்டிவைச் சட்டென்று தாழ்த்தி இறக்கைகளின் சாய்வைக் குறைக்கிறார். ஹெலிகாப்டர் கீழிறங்க இறங்க, கீழிருந்து மேலே பாயும் காற்று, திருவிழாக் கடையில் வாங்கிய காற்றாடியைச் சுழற்றுவது போல ரோட்டரைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. தரை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, கடைசி நொடியில் கலெக்டிவை மேலே இழுத்து, ரோட்டரில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றலைச் செலவிட்டு மெல்ல அமர வேண்டும். அந்தக் கடைசி இழுப்புக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். ஆட்டோரொட்டேஷன் எனப்படும் இந்த உத்தியைத் திரும்பத் திரும்பப் பழகாமல் எந்த ஹெலிகாப்டர் விமானியும் உரிமம் பெறுவதில்லை.

1972 ஜூன் 21 அன்று பிரான்சின் இஸ்த்ர் நகரில் ஷான் பூலே என்ற சோதனை விமானி ஒரு லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்தை எட்டி உலக சாதனை படைத்தார். பயணிகள் ஜெட் விமானங்கள் பறக்கும் உயரம் அது. அங்கே அவருடைய எஞ்சின் அணைந்துபோனது. மறுபடி இயக்க முடியவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமலேயே ஆட்டோரொட்டேஷனில் இறங்கிப் பத்திரமாகத் தரை சேர்ந்தார். அந்த லாமாவைத்தான் நம் ஹெச்.ஏ.எல். நிறுவனம் சீட்டா என்ற பெயரில் பெங்களூருவில் தயாரித்தது; மேலே சொன்ன சியாச்சின் பணியைச் செய்வதும் அதுவே. ஒரு திரைப்பட இயக்குநருக்கு இதைவிடப் பரபரப்பான காட்சி எங்கே கிடைக்கும் என்று நான் பல முறை வியந்ததுண்டு. எஞ்சின் ஓசை நின்றுபோய், இறக்கைகள் காற்றைக் கிழிக்கும் ஒலி மட்டும் கேட்க, உயரமானி வேகமாக இறங்க, விமானியின் இடக்கை அந்த ஒரே இழுப்புக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தை நேர்மையாகப் படமாக்கினால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்காதா?

எல்லா நிலையிலும் ஆட்டோரொட்டேஷன் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் போதிய உயரம் வேண்டும், அல்லது போதிய வேகம் வேண்டும். இரண்டும் இல்லாமல் தாழ்வான உயரத்தில் அசையாமல் நிற்பது மிக ஆபத்தான நிலை. ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் ஒரு வரைபடத்தில் அந்தப் பகுதியைத் தனியே குறித்துக் காட்டி, தவிர்க்கச் சொல்லியிருப்பார்கள். வெள்ளத்தில் ஒரு மொட்டை மாடிக்கு மேலே ஒற்றை எஞ்சின் கொண்ட சேத்தக் ஹெலிகாப்டர் நிற்கும்போது, அதன் விமானி தெரிந்தே அந்தப் பகுதிக்குள் நிற்கிறார். எஞ்சின் ஒரு முறை தடுமாறினால் அவருக்கு மாற்று வழி கிடையாது. கீழே இருப்பவரைக் காப்பாற்ற அவர் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து அது. இந்த வீரத்தைத் திரையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

குண்டு பட்டதும் வெடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டர்பைன் எஞ்சினில் எரிவது ஏறக்குறைய மண்ணெண்ணெய்; பெட்ரோலைப் போல எளிதில் பற்றுவதன்று. போர்க்கள ஹெலிகாப்டர்கள் பலவற்றில், துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் தொட்டிகள் உண்டு. தரையில் மோதிய பிறகு தீப்பற்றுவது நடக்கக்கூடியது, அது வேறு.

ஆனால் உண்மையில் ஹெலிகாப்டர்களை வீழ்த்துவது எது என்பதைப் பேச வேண்டும், ஏனெனில் அதற்கும் நம் மாநிலமே சாட்சி. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த விமானப்படையின் எம்.ஐ. 17 வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய துணைவியார் உட்பட அதில் சென்ற பதினான்கு பேரையும் நாடு இழந்தது; பதின்மூவர் அன்றே இறந்தனர், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி இறந்தார். தீயைப் பொருட்படுத்தாமல் ஓடி வந்து உதவிய அந்தக் குடியிருப்பு மக்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. அன்று மாலைக்குள்ளாகவே ஊரெங்கும் ‘யார் சுட்டது, எங்கே குண்டு வைத்தார்கள்’ என்ற பேச்சு பரவிவிட்டது. இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய ஹெலிகாப்டர் வெறுமனே எப்படி விழும் என்று படித்தவர்களே கேட்டார்கள். விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவைத் தந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைய நேர்ந்ததால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்பதே அதன் சாரம்.

மேகம் என்பது திரையில் வெறும் அழகு. உள்ளே நுழைந்தவருக்கோ அடிவானம் மறைந்துவிடுகிறது. நம் உள்காதில் உள்ள சமநிலை உணர்வு, மெதுவான திருப்பத்தைச் சில நொடிகளிலேயே நேரான பறத்தல் என்று நம்பத் தொடங்கிவிடும். கருவிகள் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்லும். அனுபவமுள்ளவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 2020 ஜனவரி 26 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் அவருடைய மகளும் மேலும் ஏழு பேரும் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இறந்த விபத்துக்கும் இதே காரணத்தைத்தான் அந்நாட்டு விசாரணை வாரியம் சொன்னது. நீலகிரியில் வசிக்கும் எவருக்கும் தெரியும், பத்து நிமிடத்துக்கு முன் வெயில் அடித்த பள்ளத்தாக்கில் மேகம் எப்படி ஏறி வரும் என்று. நம் படங்களில் வில்லனின் ராக்கெட்டுக்கு இருக்கும் மதிப்பு இந்த மேகத்துக்கு இல்லை. அதனால்தான், முக்கியப் பிரமுகர் ஒருவரின் பயணத்தை வானிலையைக் காரணம் காட்டி விமானி தள்ளிப்போடும்போது, அவரைக் கோழை என்று பேசும் மனநிலை சுற்றியிருப்பவர்களுக்கு வருகிறது. முடியாது என்று சொல்லும் விமானிக்குப் பின்னால் சமூகமே நிற்க வேண்டும்.

இனி, ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாத நாயகன், மயங்கிய விமானியை நகர்த்திவிட்டு அதை ஓட்டிச் செல்லும் காட்சி. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. அங்கே விடிகாலையில் வேலி ஓரமாக நின்று பார்த்தால், புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரிகள் முதன்முறையாக ஹோவர் பழகுவதைக் காணலாம். கால்பந்து மைதானம் அளவுள்ள இடத்தில் ஹெலிகாப்டரை ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னால், அது முன்னே சரிந்து, பின்னே வழுக்கி, வால் ஒரு பக்கம் திரும்பி, மைதானம் முழுவதும் அலையும். இடக்கையில் கலெக்டிவ், வலக்கையில் சைக்ளிக், கால்களில் பெடல்கள். இதில் ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டையும் உடனே திருத்த வேண்டும். அருகில் அமர்ந்திருக்கும் பயிற்றுநரின் கை எப்போதும் தயாராக இருக்கும். உடல் மன உறுதித் தேர்வுகளில் வென்று வந்தவர்களுக்கே நிலை இது. வணிக ஹெலிகாப்டர் விமானியாவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச அனுபவம் 150 மணி நேரப் பறத்தல். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு 100 மணி நேரம்.

ஏறியவுடன் கிளம்புவதும் அப்படியே. இறக்கைகளைக் கட்டியிருக்கும் கயிறுகளையும் எஞ்சின் மூடிகளையும் அவிழ்ப்பதிலிருந்து, சுற்றி வந்து சோதிப்பது, எஞ்சினை இயக்கி வெப்பநிலையைக் கவனிப்பது, ரோட்டரை முழு வேகத்துக்குக் கொண்டுவருவது வரை பல நிமிடங்கள் ஆகும். அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் மீட்பு ஹெலிகாப்டர் விரைவாகக் கிளம்புகிறதென்றால், இந்த வேலைகளில் பெரும்பகுதியைப் பராமரிப்புப் பணியாளர்கள் விடிவதற்குள்ளாகவே முடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பறக்கும்போது உள்ளே காதல் வசனம் பேசுவதும் நடவாது. ஹெட்செட் இல்லாமல் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூட விளங்காது. அந்த இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைத்த எங்களில் பலருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது.

நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். நம் மக்களில் பெரும்பாலோர் ஹெலிகாப்டரை நேரில் பார்ப்பது தேர்தல் காலத்தில், கல்லூரி மைதானத்திலோ ஊருக்கு வெளியே வயல்வெளியிலோ அது இறங்கும்போதுதான். திரையில், ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டருக்குக் கீழே நாயகி தலைமுடி கலையாமல் நடந்து வருவதைப் பார்த்தவர்கள், தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு குழந்தையைத் தோளில் ஏற்றியபடி ஓடி வருகிறார்கள். சேத்தக் போன்ற சிறிய ஹெலிகாப்டரே முழு எடையில் நிற்கும்போது கீழே தள்ளும் காற்று மணிக்கு 70 கி.மீ. வேகத்தை நெருங்கும். பிளாஸ்டிக் நாற்காலி, தகரத் தட்டி, கட்சிக் கொடி, ஷாமியானா துணி எதுவும் பறக்கும்; பறந்தது ரோட்டரிலோ எஞ்சினிலோ போய் மாட்டினால் உள்ளே இருப்பவர்களோடு வெளியே நிற்பவர்களுக்கும் ஆபத்து. 11 மீட்டர் குறுக்களவுள்ள அந்த ரோட்டரின் இறக்கை நுனி மணிக்கு 700 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் சுழல்கிறது. மரக்கிளைகளையும் எதிரிகளையும் ரோட்டரால் வெட்டித் தள்ளிக்கொண்டு போவதாகப் படங்களில் காட்டுகிறார்களே, அப்படி எதன் மீதாவது பட்டால் முதலில் உடைவது இறக்கைதான், அதன் பிறகு அந்த ஹெலிகாப்டர் பறப்பதற்கில்லை.

அதைவிடக் கொடியது டெயில் ரோட்டர். பெரிய ரோட்டர் தலைக்கு மேலே இருக்கிறது; இதுவோ பல ஹெலிகாப்டர்களில் மனிதரின் மார்பு, தலை உயரத்தில் இருக்கிறது. முழு வேகத்தில் சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அதற்காகவே அதில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டுகிறோம், அப்போதும் மங்கலான ஒரு நிழல்தான் தெரியும். 2023 ஏப்ரலில் கேதார்நாத் ஹெலிபேடில், விமானப் போக்குவரத்துத் துறையிலேயே பணிபுரிந்த அரசு அதிகாரி ஒருவர் டெயில் ரோட்டர் வெட்டி இறந்தார். துறைக்குள் இருப்பவருக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஆகவே வாசகர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்: வால் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாக மட்டுமே, அவரோ பணியாளரோ சைகை காட்டிய பிறகே, குனிந்தபடி நெருங்க வேண்டும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வரக் கூடாது, ரோட்டர் அந்தப் பக்கம் தலைக்கு மிக அருகில் இருக்கும். துண்டு, தொப்பி, தளர்ந்த துப்பட்டா எதையும் காற்றுக்கு விடக் கூடாது. பறந்தால் துரத்தி ஓடக் கூடாது.

வெள்ள மீட்பையும் சொல்லியாக வேண்டும். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில், ஆலுவா பகுதியில் பனிக்குடம் உடைந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் வின்ச் கயிற்றில் தூக்கிச் சென்றது. அன்றே கடற்படை மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு வானிலிருந்து உணவு போட்டார்கள். கர்ப்பிணி உள்ளிட்ட சிலரை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்றார்கள். இந்தப் பணி எப்படி நடக்கிறது தெரியுமா? தமக்கு நேர் கீழே இருப்பது விமானிக்குத் தெரியவே தெரியாது. கதவோரம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பணியாளர் ஒருவர் கீழே பார்த்தபடி, ‘முன்னே ஐந்து, மூன்று, இரண்டு, நில், வலமாக ஒன்று’ என்று இன்டர்காமில் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க, அந்தக் குரலை மட்டும் நம்பி விமானி இயந்திரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார். ஒரு கையில் வின்ச்சின் பொத்தான், கையுறை அணிந்த மறு கையில் கம்பி வடம். அந்த வடம் ஆடினால் கையாலேயே அடக்குவார். குரல் ஒரு நொடி நின்றால் விமானிக்குக் கண் போனது போலாகும். இத்தகைய மீட்புக் காட்சிகளில் விமானிக்கு மட்டும் மாலை விழுவதும், இந்தக் கதவோரத்து மனிதர் திரையில் முகமற்ற ஆளாகக் கடந்து போவதும் எனக்கு நெடுநாள் மனக்குறை.

கீழே இருப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பறக்கும் ஹெலிகாப்டரின் உடலில் நிலை மின்னூட்டம் சேரும். மேலிருந்து இறங்கும் கொக்கியைத் தரையிலோ தண்ணீரிலோ மாடியின் ஈரத்திலோ படவிட்ட பிறகே தொட வேண்டும். முதலில் கையால் பற்றினால் தூக்கிவாரிப் போடும் அளவுக்கு அதிர்ச்சி தாக்கும். கொக்கியையோ கயிற்றையோ மாடிக் கம்பியில் கட்டிவிடவே கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரையே வீட்டோடு பிணைத்துவிட்டதாகும். மாடியில் கிடக்கும் தகரம், ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் ஹெலிகாப்டர் நெருங்குமுன் அப்புறப்படுத்திவிட்டு, ஓர் ஓரமாகக் குழந்தைகளை அணைத்தபடி உட்கார வேண்டும். யார் முதலில் என்பதை இறங்கி வரும் வீரர் முடிவு செய்வார். படங்களில் வருவது போல எல்லோரும் கைகளை நீட்டிக்கொண்டு கயிற்றை நோக்கி முண்டியடித்தால், மீட்க வந்தவர்கள் திரும்பிப் போக நேரிடும்.

உண்மையான ஹெலிகாப்டரால் வியப்பூட்ட முடியாது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் கோவை மாவட்டத்துச் சூலூரில் இருக்கும் விமானப்படையின் சாரங் குழுவினர், நம் நாட்டிலேயே தயாரான துருவ் ஹெலிகாப்டர்களில் ஒன்றையொன்று நேருக்கு நேர் நெருங்கிக் கடந்து பறப்பதை 2024 அக்டோபரில் மெரினா கடற்கரையில் லட்சக்கணக்கானோர் கண்டார்கள். விதிகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கணக்கான பயிற்சியால் வந்த திறமை அது.

எனவே தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஹெலிகாப்டர் காட்சி எடுக்கும் இயக்குநர்கள் கதை எழுதும் கட்டத்திலேயே ஒரு விமானியையோ பராமரிப்புப் பணியாளரையோ கலந்து பேச வேண்டும். அரக்கோணம், சூலூர், தாம்பரம் சுற்று வட்டாரங்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், கட்டணம் எதுவும் எதிர்பார்க்காமலேயே வருவோம். தயாரிப்பாளர்களும் சண்டைக் கலைஞர்களின் சங்கமும், பறக்கும் ஹெலிகாப்டரில் எந்த நடிகரையும் வெளியே தொங்கவிடுவதில்லை, பாதுகாப்பு ஏற்பாடும் மீட்புக் குழுவும் இல்லாமல் யாரையும் அதிலிருந்து குதிக்கவிடுவதில்லை என்று தங்களுக்குள் எழுத்து வடிவில் முடிவெடுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பள்ளிகளில் நடத்தும் பேரிடர் ஒத்திகைகளில், ஹெலிகாப்டர் வரும்போது நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். தேர்தல் கூட்டம் நடத்தும் கட்சிகள், தற்காலிக ஹெலிபேடைச் சுற்றி வலுவான தடுப்பும், வால் பக்கத்தைக் காக்கத் தனி ஆளும் நிறுத்துவதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். தாங்களும் அடுத்த பருவமழைக்கு முன்பாக, மேலே நான் எழுதிய மீட்பு விதிகளைப் படங்களுடன் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், அதற்கான விவரங்களைத் தொகுத்துத் தர எங்கள் முன்னாள் படைவீரர் நண்பர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கடற்படை விமானப் பராமரிப்புப் பணியாளர்,
அரக்கோணம்.